ஏஐ தமிழை எப்படி நறுக்குகிறது? டோக்கன் பற்றி ஓர் எளிய விளக்கம்

“உங்கள் மார்ச் மாதத் தவணையைச் செலுத்த வேண்டிய கடைசித் தே”

அவ்வளவுதான். பதில் அங்கேயே நின்றுவிட்டது. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில், கடன் வாங்கியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட் தயாராகிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பதில்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் தொகை, கடைசித் தேதி, தாமதமானால் அபராதம், எங்கே கட்டலாம் என்று எல்லாம் வரிசையாக வந்து முற்றுப்புள்ளியோடு முடிந்தது. தமிழில் கேட்டால் வணக்கம் சொல்லி, கணக்கு விவரம் சொல்லி, தேதியைச் சொல்லப்போகும் நேரத்தில் வாய் அடைத்துக்கொண்டது. திண்டிவனத்திலோ தென்காசியிலோ ஒருவர் கையில் போனை வைத்துக்கொண்டு இந்த அரைகுறை வரியைப் படிப்பதை நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். “தமிழ் கொஞ்சம் இழுக்கும், பதிலைச் சுருக்கமா எழுதச் சொல்லுங்க” என்றார் ஒருவர். இன்னொருவர், கோலார் தங்கவயலில் பிறந்து வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர், “இந்த ஏஐக்கெல்லாம் தமிழ் வராதுங்க, இங்கிலீஷ்லயே பதில் கொடுத்திடலாம்” என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததுதான் எனக்கு வலித்தது. இந்த ஊரில் டீக்கடை, பஸ், ஆபீஸ் எங்கே ஏஐ பற்றிப் பேச்சு வந்தாலும் இதே கருத்தைக் கேட்கிறேன். தமிழ் கஷ்டமான மொழி, கம்ப்யூட்டருக்கு ஒத்துவராத மொழி என்று நம் ஆட்களே சொல்கிறார்கள்.

காரணம் வேறு. அந்த சாட்பாட்டின் அமைப்புகளில் ஒரு வரி இருந்தது: பதில் 150 டோக்கனைத் தாண்டக் கூடாது. ஆங்கிலப் பதில் அதற்குள் அடங்கியது. தமிழ்ப் பதில் பாதி வழியிலேயே 150ஐயும் தின்று தீர்த்துவிட்டது. சொன்ன விஷயம் ஒன்றுதான், செலவான டோக்கன்தான் வேறு. ஏன் வேறு என்று புரிந்துகொண்டால், ஏஐ தமிழில் தடுமாறுவது பற்றிய பல கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை கிடைத்துவிடும்.

பெங்களூர்க்காரர்களுக்கு டோக்கன் என்றால் தர்ஷினி ஓட்டலில் காசு கட்டி வாங்கி, தோசைக் கல்லுக்கு முன்னால் நீட்டுவது. ஊரில் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கொடுப்பது. அதெல்லாம் நம் முறை வந்ததற்கான அடையாளம். ஏஐயில் சொல்லும் டோக்கன் அதுவல்ல. அங்கே டோக்கன் என்றால் ஒரு துண்டு. நாம் எழுதும் வாக்கியத்தை அந்த இயந்திரம் உள்ளே வாங்கும்போது நறுக்கும் துண்டு. சில சமயம் ஒரு துண்டு ஒரு முழுச் சொல்லாக இருக்கும், சில சமயம் அரைச் சொல், சில சமயம் ஒரே எழுத்து. ஓர் எழுத்தில் மூன்றில் ஒரு பங்காகக்கூட இருக்கும். கடைசியில் சொன்னதை நம்புவது கஷ்டம், ஆனால் தமிழுக்கு நடந்தது அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தவர் கம்ப்யூட்டரையே தொடாத என் பெரியப்பா.

பெரியப்பா சிவாஜிநகரில் ஒரு அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சுக்குத் தருபவர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கருமாதிக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர் கையால் கோத்தவை. ஆப்செட்டும் டிடிபியும் வந்து அந்த அச்சகம் மூடியபோது, ஈய எழுத்துகளோடு ஒரு கேஸை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அல்சூரில் அவர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது. அகலமான மரத்தட்டு, உள்ளே சின்னச் சின்ன அறைகள். அடிக்கடி வேண்டிய எழுத்துகளுக்குப் பெரிய அறை, கைக்கு எட்டும் நடுவில். எப்போதாவது வேண்டிய எழுத்துக்கு மூலையில் ஒரு பொட்டு இடம். இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பார்க்காமலேயே எழுத்தை எடுத்துக் கோப்பார்.

அரைகுறைத் தவணைக் கதையை அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், “அது எந்தப் பெட்டியில கோக்குது கண்ணு?” என்றார்.

சரியான கேள்வி அதுதான். ஏஐக்கும் ஒரு பெட்டி உண்டு. அதை உருவாக்குபவர்கள், பாடம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே, இந்த இயந்திரம் எந்தெந்தத் துண்டுகளை வைத்து எழுதலாம் என்று ஒரு பட்டியலை முடிவுசெய்துவிடுகிறார்கள். 2019இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஜிபிடி-2 என்ற ஏஐயின் பெட்டியில் 50,257 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். நாம் எழுதுவது எதுவானாலும் அந்தத் துண்டுகளாக நறுக்கப்பட்டு, எண்களின் வரிசையாகத்தான் உள்ளே போகிறது. இயந்திரம் செய்வது, இந்த எண்களுக்கு அடுத்து எந்த எண் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பிறகு அதையும் சேர்த்து அடுத்ததை. பதில் துண்டு துண்டாக வளர்கிறது. திரையில் எழுத்துகள் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அலங்காரத்துக்காக மட்டும் அப்படி வைக்கவில்லை. உள்ளே உண்மையிலேயே ஒவ்வொன்றாகத்தான் பிறக்கிறது.

அந்தப் பெட்டியில் எவை இருக்க வேண்டும் என்று யார் தீர்மானித்தது? மொழியறிஞர்கள் உட்கார்ந்து பொறுக்கவில்லை. ஓர் எளிய எண்ணிக்கை முறை தீர்மானித்தது. 1994இல் ஃபிலிப் கேஜ் என்பவர் கம்ப்யூட்டர் கோப்புகளைச் சுருக்கிவைக்க ஒரு வழி எழுதினார். அடுத்தடுத்து அதிகம் வரும் இரண்டைப் பார், அவற்றை ஒட்டி ஒன்றாக்கு, மறுபடி எண்ணு, மறுபடி ஒட்டு. இருபது வருஷம் கழித்து எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ரிகோ சென்ரிச்சும் உடன் வேலை செய்தவர்களும் இதையே இயந்திர மொழிபெயர்ப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து இன்றைய ஏஐ வரை வந்துவிட்டது.

நான்கு சொற்களை வைத்துச் செய்துபார்க்கலாம். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. இவ்வளவுதான் நம் இயந்திரம் உலகத்தில் படித்திருக்கும் தமிழ் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எல்லாம் உதிரி. வ, ந, புள்ளி, த, கால், ன, புள்ளி, இப்படி. அடுத்தடுத்து எந்த ஜோடி அதிகம்? வ-வும் ந-வும் நான்கு முறை. ஒட்டு. அந்த ஒட்டோடு புள்ளி சேர்வதும் நான்கு முறை. ஒட்டினால் ‘வந்’. அடுத்து த சேர்ந்து ‘வந்த’, அதுவும் நான்கு. அடுத்து கால் சேர்வது மூன்று முறை, வந்தது என்பதில் கால் இல்லை. அதையும் ஒட்டினால் ‘வந்தா’ என்று ஒரு துண்டு. இனி இந்தப் பெட்டியை வைத்து ‘வந்தாள்’ எழுத வேண்டுமானால், ‘வந்தா’ ஒரு துண்டு, ள ஒரு துண்டு, புள்ளி ஒரு துண்டு. ஏழு உதிரியாக இருந்தது மூன்றாகிவிட்டது.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கை பரபரக்கும். வந்தான் என்பதை நாம் வா, த், த், ஆன் என்று பிரித்து, வா குறுகி வ ஆனதும், சந்தித் த் ந் ஆனதும் விகாரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். இயந்திரத்துக்குப் பகுதியும் தெரியாது விகுதியும் தெரியாது. ‘வந்தா’ என்று காலோடு சேர்த்து வெட்டியது நன்னூலுக்கு ஒப்பாது. ஆனால் இலக்கணம் ஒரு வரி சொல்லிக்கொடுக்காமல், வெறும் எண்ணிக்கையை வைத்தே வந்த என்ற பொது அடியை அது கண்டுபிடித்துவிட்டதே, முதல்முறை காகிதத்தில் செய்துபார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இதைப் பெரியப்பாவிடம் விளக்கினேன். “இதுல என்ன புதுசு?” என்றார். கல்யாணப் பத்திரிகை என்றால் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று முடியும். பெயரும் தேதியும் மண்டபமும்தான் மாறும். ஒவ்வொரு முறையும் எழுத்து எழுத்தாகக் கோக்க யாருக்கு நேரம்? முகூர்த்த மாதங்களில் அந்த வரிகளைக் கலைக்காமல் நூல் சுற்றிக் கட்டி அப்படியே தட்டில் வைத்திருப்பார்களாம். வேண்டும்போது கட்டை அப்படியே எடுத்து வைக்க வேண்டியதுதான். கேஜ் எழுதிய முறையை அல்சூர்க் கல்யாணங்கள் அதற்கு முன்பே கற்றுக்கொடுத்திருக்கின்றன.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். எண்ணி எண்ணி ஒட்டுகிறது சரி, எதை வைத்து எண்ணியது? ஜிபிடி-2க்கு அடுத்து வந்த ஜிபிடி-3 படித்த எழுத்தில் சொற்கணக்கில் சுமார் 93 சதவீதம் ஆங்கிலம். உலகத்தின் மற்ற மொழிகள் எல்லாம் சேர்ந்து மீதி 7 சதவீதத்துக்குள். அதில் தமிழ் எத்தனை துளி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஜிபிடி-3 பயன்படுத்தியது ஜிபிடி-2க்கு வெட்டிய பெட்டியையேதான், அந்தப் பெட்டியும் ஆங்கிலப் பக்கங்களை எண்ணி வெட்டியது. அதனால் ஒட்டுப்போட்ட துண்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத் துண்டுகள். ஆங்கிலத்தில் சாதாரணச் சொல் ஒவ்வொன்றும் நூல் சுற்றிக் கட்டித் தயாராக இருந்தது. தமிழுக்கு உதிரி எழுத்துகூட முழுதாக இல்லை.

முழுதாக இல்லை என்று சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. கம்ப்யூட்டர் எழுத்துகளை பைட் என்ற அளவில் சேமிக்கிறது. இன்று இணையம் முழுக்கப் புழங்கும் யூடிஎஃப்-8 என்ற முறையை 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உருவாக்கினார்கள். ஏற்கெனவே இருந்த ஆங்கிலக் கோப்புகள் எதுவும் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றே விட்டார்கள். தமிழுக்கு, நம் பக்கத்துக் கன்னடத்துக்கும், குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரச் சுழி, ழ, புள்ளி, ஆக ஐந்து குறியீடுகள். பதினைந்து பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் ஐந்து எழுத்துதான், ஆனால் ஐந்தே பைட்.

ஜிபிடி-2வின் முறை பைட்டிலிருந்து ஒட்டத் தொடங்குவது. எந்த மொழியும் அதில் எழுத முடியும், விட்டுப்போகாது, அது அதன் நல்ல குணம். ஆனால் ஒரு மொழியை அது போதிய அளவு பார்க்கவில்லை என்றால் ஒட்டு நடக்காது. பைட்டுகள் உதிரியாகவே கிடக்கும். ஒரு ‘ழ’ எழுத மூன்று துண்டு வரை ஆகலாம், அந்த மூன்றில் எதுவும் தனியாக ஓர் எழுத்தே அல்ல. ஏஐ பதில் எழுதிக்கொண்டு வரும்போது நடுவில் ஒரு நொடி கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்து, பிறகு சரியான தமிழ் எழுத்தாக மாறுவதைச் சிலர் பார்த்திருக்கலாம். எழுத்தில் பாதி வந்து மீதி வரக் காத்திருந்த நொடி அது.

இந்தக் கணக்கு நமக்கு முன்பே பழக்கம்தான், கவனித்திருக்க மாட்டோம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழில் அடிக்க ஆரம்பித்த உடனே 70 ஆகிவிடும், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கு. பொங்கல் வாழ்த்தைத் தமிழில் அனுப்பி இரண்டு மெசேஜ் காசு போனவர்கள் அப்போதே இந்த வரியைக் கட்டினார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது நம் மொழியின் இயல்பைச் சேர்ந்தது. தமிழில் சொல் வளர்ந்துகொண்டே போகும். ‘வீடு’ என்று தொடங்கி வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான், வீட்டிலிருந்தவர்களுக்கும் என்று போகலாம். ஒவ்வொரு வடிவமும் தனிச் சொல்லாக அபூர்வமாகத்தான் வரும். எண்ணிக்கையை மட்டும் நம்பும் முறைக்கு அபூர்வமானது கண்ணில் படாது. ஆனால் இதற்குத் தமிழைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை. தமிழ்ப் பக்கங்கள் நிறையக் கிடைத்திருந்தால் ‘இலிருந்து’, ‘அவர்களுக்கு’ போன்ற பாகங்கள் கோடிக்கணக்கில் வந்திருக்கும், ஒட்டியிருக்கும். சொல் நீளமாக இருப்பதால் வந்த சிக்கலைவிட, படிக்கக் கொடுத்தது குறைவாக இருந்ததால் வந்த சிக்கல் பெரிது.

இதன் விளைவுகளில் முதலாவது காசு. ஏஐயைத் தங்கள் செயலியில் இணைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் டோக்கன் கணக்கில்தான் பணம் கட்டுகின்றன. நான்கு மடங்கு துண்டு என்றால் நான்கு மடங்கு செலவு. தமிழ்ச் சேவை தொடங்க நினைக்கும் சின்னக் கம்பெனி முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான், அதைப் பார்த்தே தமிழைத் தள்ளிப்போடுகிறவர்களை நானே அறிவேன். அடுத்தது நேரம், ஒவ்வொரு துண்டாகப் பிறப்பதால் பதில் மெதுவாக வரும். பிறகு ஞாபகம். இந்த இயந்திரங்கள் ஒரு நேரத்தில் இத்தனை டோக்கனைத்தான் மனத்தில் வைத்திருக்கும் என்று வரம்பு உண்டு. ஜிபிடி-3க்கு அது 2,048. ஆங்கிலத்தில் சில பக்கங்கள் பேசலாம். தமிழில் நாலு பத்தி போனாலே முதலில் சொன்னது மறந்துபோயிருக்கும். “தமிழ்ல பேசினா இது பாதியிலே உளறுதே” என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மை, காரணத்தைத்தான் மொழியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

எழுத்து எண்ணச் சொன்னால் ஏஐ தப்பாகச் சொல்வதும் இதே இடத்திலிருந்து வருவதுதான். ‘மல்லிகைப்பூ’வில் எத்தனை எழுத்து? நமக்கு ம, ல், லி, கை, ப், பூ, ஆறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டுச் சொல்லிவிடும். யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் பதினொன்று. பைட் என்றால் முப்பத்து மூன்று. ஏஐக்குப் போவது இந்த மூன்றில் எதுவும் இல்லை, ஏதோ சில துண்டுகளின் எண்கள். அந்த எண்ணுக்குள் எத்தனை எழுத்து ஒளிந்திருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, படித்ததிலிருந்து ஊகிக்கிறது. ஆங்கிலச் சொற்களிலும் இதே தடுமாற்றம் உண்டு. எதுகை மோனை பார்த்து வெண்பா எழுதச் சொல்லி அது தளை தட்டும்போது கோபப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தையே நேராகப் பார்க்காத ஒன்றிடம் அசை பிரிக்கச் சொல்கிறோம்.

நிலைமை அப்படியே நிற்கவில்லை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெட்டி மரத்தில் செய்தது, மாற்றி வெட்டலாம். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ ஜிபிடி-4ஓவை அறிவித்தபோது, புதிய பெட்டியில் பல மொழிகள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்று ஒரே அறிமுக வாக்கியத்தை வைத்துக் காட்டியது. தமிழில் 116 டோக்கனாக இருந்தது 35 ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் அதே வாக்கியம் 27இலிருந்து 24. அதாவது முன்பு ஆங்கிலத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம், இப்போது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நடுவில் தமிழில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஒரு புணர்ச்சி விதியும் தளரவில்லை. தமிழ் கம்ப்யூட்டருக்குச் சரிப்படாது என்ற கருத்துக்கு இந்த இரண்டு எண்களைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. பெங்களூரிலேயே இருக்கும் சர்வம் நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட சர்வம்-1 என்ற ஏஐ, தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளுக்கென்றே பெட்டியை வெட்டியது. அதில் ஒரு சொல்லுக்குச் சராசரியாக 1.4 முதல் 2.1 துண்டுதான் ஆகிறது என்கிறார்கள். பெட்டியே வேண்டாம், நேராக பைட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று முயல்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் பெட்டியை இன்னும் இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். பெரியப்பாவிடம் இதற்கும் பதில் இருந்தது. லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்கு முன்பு யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த தனி அச்சுகள் இருந்தன, ணா, றா, னா மூன்றுக்கும் கூட. பெரியார் 1935இலேயே குடி அரசில் அவற்றை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. “அதுக்கப்புறம் ஏழு அறை காலி ஆச்சு. மத்த எழுத்துக்குப் போடுற அதே ஐகாரக் கொம்பு, அதே கால் இதுக்கும் ஆச்சு. கை அலையறது குறைஞ்சுது” என்றார். பெட்டி பெரிதானால் கோக்கும் துண்டு குறையும், ஆனால் ஈயமும் இடமும் தேடும் வேலையும் கூடும். ஏஐயிலும் பெட்டியில் சேரும் ஒவ்வொரு துண்டையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள இயந்திரத்தின் உள்ளே தனி இடம் வேண்டும். அபூர்வமாக வரும் துண்டு போதுமான பயிற்சி கிடைக்காமல் அரைகுறையாக நிற்கும். எல்லையை எங்கே போடுவது என்பதுதான் அதைச் செய்கிறவர்களின் கைத்திறன்.

நண்பர்கள் அடிக்கடி கேட்பது: தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் மலிவு இல்லையா? பழைய ஏஐ மாதிரிகளில் (மாடல்களில்) துண்டு குறைந்தது உண்மைதான். ஆனால் ழகரத்துக்கு ஒருவர் இசட் போடுகிறார், இன்னொருவர் இசட்டோடு ஹெச், மூன்றாமவர் வெறும் எல். ஒரே சொல் பத்து முகத்தோடு வந்தால் எண்ணிக்கை பத்தாகச் சிதறும், எதுவும் ஒட்டாது. நாம் இணையத்தில் எழுதிவைப்பதைத்தான் அடுத்த பெட்டியை வெட்டுகிறவர்கள் எண்ணப்போகிறார்கள். அதனால் தமிழில், தமிழ் எழுத்தில் எழுதுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சமையல் குறிப்பு, மருந்துக்கடை அனுபவம், பைக் ரிப்பேர் எதுவானாலும் சரி.

அலுவலகத்தில் அந்த வரம்பைத் தமிழுக்கு மட்டும் 600 ஆக்கினோம். அடுத்த வாரம் புதிய மாதிரிக்கு மாறியபோது அவ்வளவு தேவைப்படவும் இல்லை. தங்கவயல் நண்பர் தன் கணினியில் டோக்கன் எண்ணும் பக்கத்தைத் திறந்து, இரண்டு மாதிரிகளிலும் அதே தவணைப் பதிலைப் போட்டுப்பார்த்தார். பழையதில் ஒவ்வோர் எழுத்தும் வேறு வேறு நிறத்தில் சிதறிக் கிடந்தது. புதியதில் ‘உங்கள்’ ஒரே நிறத்தில் சேர்ந்து நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா கோத்த பழைய பத்திரிகைகள் ஒரு கட்டு அவரிடம் இருந்தது. ஒரு மாதம் மாலையில் உட்கார்ந்து அவற்றை டைப் செய்து, கேஜின் முறையை அவற்றின் மீது ஓடவிட்டேன். சின்னப் பெட்டிதான், ஆயிரம் துண்டு. முதலில் ஒட்டிக்கொண்டவை எல்லாம் புள்ளி வைத்த மெய்கள். பிறகு திரு, பிறகு அவர்கள், போகப்போக ‘அழைப்பிதழ்’ முழுதாக ஒரே துண்டாகிவிட்டது. பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய புரூப் பார்க்கும் பழக்கத்தில் பேனாவையும் எடுத்துக்கொண்டார். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.

“மங்களகரமான ஒண்ணு இருக்கு. கீழ மங்கலகரமான இன்னொண்ணு தனியா இருக்கே?”

“நீங்க ரெண்டு மாதிரியும் கோத்திருக்கீங்க பெரியப்பா. அது ரெண்டையும் எடுத்துக்கிச்சு.”

“பார்ட்டி எழுதிக் குடுக்கறதுதானே” என்றவர், கட்டிலிருந்து பத்திரிகைகளை ஒவ்வொன்றாக உருவி, எந்தக் கல்யாணத்தில் எந்த எழுத்து என்று தேட ஆரம்பித்தார்.